பாஸ் சொன்ன இரண்டு சொல்

மனேஜரின் அறையில் அன்று நாலு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மனேஜர். இந்தப் பக்கம் ஒரு கதிரையில் பியசேன பாஸ், எங்கள் பட்டறையின் தலைமை வேலையாள். அவருக்கு எதிரே சுகந்தி, லேத் என்ற கடைசல் இயந்திரம் பழக வந்த பெண். இருவருக்கும் நடுவில் நான், மொழிபெயர்ப்புக்கு.

சுகந்தியின் வலது கை, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தது. தையல் போட்டுப் பத்து நாள். அதை மேசையில் வைக்கவும் மனமில்லாமல், மடியில் மறைக்கவும் தெரியாமல், நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் குடிக்கவில்லை.

மனேஜர் சிங்களத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார். “தொட வேண்டாம் என்று பாஸ் சத்தம் போட்டிருக்கிறார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அதற்குப் பிறகும் ஏன் கையை விட்டாள்? அதைக் கேளுங்கள்.”

கேள்வி சின்னக் கேள்விதான். ஆனால் பயிற்சியின் முதல் ஆறு மாதத்துக்குள், பாதுகாப்பு விஷயத்தில் சொல்லுக் கேளாத பயிலுநரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்பது எங்கள் இடத்து விதி. சுகந்தி வந்து இரண்டு மாதமும் ஆகவில்லை. அவள் போனால் அவளோடு வந்த மற்ற மூன்று பெண்களையும் யாரும் மதிக்கப் போவதில்லை. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்வதற்கு வெளியே ஒரு கூட்டம் வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றது.

நான் அன்று காலை ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு முன்பே தெரியும். அந்த அறையில் உண்மையான குற்றவாளி யார் என்றும் தெரியும்.

சின்ன எழுத்தில் போடாதது

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தம்பி குறுக்குத் தலைப்புகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இல்லாவிட்டால் என் எழுத்து ரயில் தண்டவாளம் போல நீண்டுகொண்டே போகிறதாம். சரி, அவர் சொன்னால் போட்டுவிடுவோம்.

நான் வேலை செய்த பட்டறை கொழும்பு கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. கப்பல்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் இடம். வாசலில் நின்றால் ஒரு நாசியில் துறைமுகத்து உப்புக் காற்றும் மறு நாசியில் எரிந்த எண்ணெய் வாடையும் ஏறும். நான் அங்கே காரியாலயத்தில் இருந்தேன். கடிதம், வரவுப் பதிவு, ஆள் சேர்ப்பு எல்லாம் என் தலையில். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்ததால் சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பட்டறையின் மூன்று மொழிக்கும் நான்தான் பாலம், நான்தான் சண்டை விலக்குபவளும்.

நாடு நொடிந்துபோன நாள்களின் பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த கொஞ்சக் காலத்தில் எங்கள் ஆண்கள் பறக்கத் தொடங்கினார்கள். ஒருவன் கொரியா, ஒருவன் ருமேனியா, இன்னொருவன் டோஹா. நல்ல நல்ல லேத்காரர்கள். கடைசியில் லேத்கள் இருந்தன, ஆள் இல்லை. அப்போதுதான் மேலே இருந்தவர்களுக்குப் பெண்கள் என்றொரு சாதி இருப்பது ஞாபகம் வந்தது. பெண்களுக்கும் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே படி, முடித்தால் நிரந்தர வேலை என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் போட்டார்கள். ஆள் கிடைக்காமல்தான் உங்களைக் கூப்பிடுகிறோம் என்று சின்ன எழுத்தில்கூடப் போடவில்லை!

எப்படியோ கதவு திறந்ததே, அது போதும் என்றுதான் நான் நினைத்தேன். நான் டைப் அடிக்க வந்த காலத்தில் லேத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாலே “மிஸ், சாரி பத்திரம்” என்று விரட்டுவார்கள். இரும்பு வெண்ணெய் போலச் சீவுப்படுவதை ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டே என் இளமை போய்விட்டது. பொறாமைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும்?

சீலைக் கடை விரல்

சுகந்தி கிளிநொச்சிப் பக்கத்துப் பெண். உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவள். மேற்கொண்டு படிக்க வழியில்லாமல், வெள்ளவத்தையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வந்து, காலி வீதியில் ஒரு சீலைக் கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். காலை ஒன்பது தொடக்கம் இரவு எட்டு வரை கதிரையே இல்லாத வேலை. வாங்க வருகிறவர்கள் ஐம்பது சீலையை விரிக்கச் சொல்லிவிட்டு, “பிறகு வாறம்” என்று போவார்கள். இவள் ஐம்பதையும் மடிக்க வேண்டும்.

நேர்முகத்துக்கு வந்த அன்று பியசேன பாஸ் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. விரல் தடிப்பில் ஓர் இரும்புத் தண்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். வந்த எல்லாருக்கும் அதுதான் பரீட்சை. சிலர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி மூக்கில் வைத்து மணந்துகூடப் பார்த்தாள்.

சுகந்தி கண்ணை மூடிக்கொண்டு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தண்டை ஒரு முறை இழுத்தாள். பிறகு ஓரிடத்தைத் தொட்டுக் காட்டித் தலையை இல்லை என்பதுபோல ஆட்டினாள். பாஸ் அளவுகோலை எடுத்து அளந்தார். அந்த இடம் மெலிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத மெலிவு. பாஸ் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இன்னொரு முறை அளந்தார்.

பிறகு நான் அவளிடம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

“பட்டு எது, கலப்பு எது எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன் மிஸ். மூண்டு மாசமா அதுதானே வேலை” என்றாள்.

பாஸுக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது. அவருக்கு வாயாடிகளைக் கண்ணில் காட்டக் கூடாது. இந்தப் பிள்ளை எவ்வளவு அடக்கம், ஒரு வார்த்தை பேசவில்லை பாருங்கள் என்று சிலாகித்தார். பேசாததற்குக் காரணம் அடக்கம் இல்லை, அவளுக்குச் சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே கோயில், சந்தை, கடை, டிஸ்பென்சரி எல்லாவற்றையும் தமிழிலேயே முடித்துக்கொள்ளலாம். மூன்று மாதம் என்ன, முப்பது வருடமும் இருக்கலாம்.

நான் போட்ட ஒரு ‘சரி’

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. சிங்களம் பேசத் தெரியுமா, ஆம், இல்லை. ‘இல்லை’ என்று போட்ட படிவம் மேசை தாண்டாது என்பதை நான் பல வருடங்களாகப் பார்த்து வந்திருக்கிறேன். பட்டறை முழுக்கச் சிங்களத்தில்தான் ஓடுகிறது, அவசரத்துக்கு யார் மொழிபெயர்ப்பார்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நான் பேனையை எடுத்து ‘ஆம்’ என்பதில் சரி போட்டேன்.

சுகந்தி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். “அக்கா, எனக்குத் தெரியாதே” என்றாள். அதுவரை மிஸ், அந்தக் கணத்தில் அக்கா.

“பழகிடுவாய். நீ கையெழுத்தைப் போடு” என்றேன்.

சும்மா குருட்டுத் துணிச்சலில் செய்யவில்லை. எனக்கு ஒரு திட்டம் இருந்தது. சுகந்தியோடு சேர்ந்த மூன்று பெண்களில் ரிஸ்னா என்று தெஹிவளைப் பெண் ஒருத்தி. வீட்டில் தமிழ், பள்ளியில் சிங்களம், இரண்டிலும் நாக்கு வெட்டும். அவளுடைய லேத்தைச் சுகந்தியின் லேத்துக்குப் பக்கத்தில் போடச் செய்தேன். பாஸ் ஒன்று சொல்வார், ரிஸ்னா தலையைத் திருப்பாமல் வாய்க்குள்ளேயே தமிழில் சொல்வாள், சுகந்தி செய்வாள். ஒன்றரை மாதம் இந்தக் கூத்து அழகாக நடந்தது. அந்த ஒன்றரை மாதத்தில் சுகந்தி கடைந்த புஷ் என்ற இரும்பு வளையங்களை பாஸ் தன் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஆண் பயிலுநர்கள் வந்து பார்க்கட்டுமாம்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நான் போட்ட சரி சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிஸ்னா வராத நாள்

ரிஸ்னாவின் மாமி மகளுக்குக் கல்யாணம். ஒரு நாள் லீவு போட்டாள். ஒரே ஒரு நாள்.

அன்று காலை பட்டறை அழுக்காக இருக்கிறது என்று பாஸ் எல்லாரையும் வரிசையாக ஏசியிருந்தார். மொழி புரியாவிட்டாலும் எதற்கு ஏச்சு என்பது சுகந்திக்குப் புரிந்தது. அவர் விரல் நிலத்தைக் காட்டியது, கூட்டுகிற தும்புத்தடியைக் காட்டியது.

பத்து மணிபோல அவளுடைய லேத் ஓடிக்கொண்டிருந்தது. கடையும்போது இரும்பு சுருள் சுருளாக உரிந்து கீழே குவியும். நீலமும் பொன்னுமாகப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுருளும் சவர அலகு. ஓடும்போது அதில் கை வைக்கவே கூடாது. சுகந்தி குவியலைப் பார்த்துக் குனிந்தாள். பின்னால் பத்தடி தள்ளி நின்ற பாஸ் கண்டுவிட்டார். பக்கத்தில் இரும்பு தீட்டும் கிரைண்டர் அலறுகிறது. அதற்கு மேலால் கத்தினார்.

“அல்லன்ன எப்பா!”

சிங்களத்தில் அதற்குத் தொடாதே, பிடிக்காதே என்று அர்த்தம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாஸ் குவியலை நோக்கி விரலை நீட்டி இன்னும் பலமாகக் கத்தினார்.

“அல்லன்ன எப்பா!”

சுகந்தி அவசரமாகக் குவியலுக்குள் வலது கையை விட்டாள். லேத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சுருள் அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டது.

நான் மேலே காரியாலயத்தில் இருந்தேன். சத்தம் கேட்டு இறங்கி ஓடி வந்தபோது அவள் நிலத்தில் குந்தியிருந்தாள். பாஸ் தன் சேர்ட்டைக் கழற்றி அவள் கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. முச்சக்கரவண்டி பிடித்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வண்டிக்குள் எனக்குக் கோபம், பயம் எல்லாம் ஒன்றாக வந்தது. “ஏன் பிள்ள கையை விட்டாய்? உனக்கு விசரா?” என்று கத்திவிட்டேன்.

“பாஸ்தானே அக்கா அள்ளச் சொன்னவர்.”

“அவர் எங்க சொன்னார்?”

“சொன்னவர். அள்ள… எப்ப, அள்ள… எப்ப எண்டு ரெண்டு தரம் கத்தினவர். விரலாலயும் காட்டினவர்.”

வாய்க்குள் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். அல்லன்ன எப்பா. அள்ளுறது எப்ப. கிரைண்டர் இரைச்சலுக்குள், தமிழ் மட்டும் தெரிந்த ஒரு காதுக்குள் அது வேறு எப்படி விழும்? கொழும்பில் பிறந்த குழந்தை என்றால் ‘எப்பா’ என்ற சத்தம் கேட்டதுமே கையை இழுத்திருக்கும். இவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியும் என்று எழுதியது நான்.

நாலு விரலில் மூன்றுக்குத் தையல். மறுநாள் கல்யாண மருதாணிக் கையோடு வந்த ரிஸ்னா என் மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். “நான் அண்டைக்கு வந்தீந்தா இது நடந்தே ஈக்காது மிஸ்” என்றாள். அவளைத் தேற்ற எனக்கு என்ன யோக்கியதை?

மறுபடியும் அந்த அறை

மனேஜரின் கேள்வியை நான் தமிழில் சொன்னேன். சுகந்தி ஒளிக்காமல் பதில் சொன்னாள்.

“பாஸ் அள்ளுறது எப்ப எண்டு தமிழில கேட்டவர். அதுதான் அள்ளினனான்.”

நான் சிங்களத்தில் விளக்கினேன். எந்தச் சொல் எந்தச் சொல்லாகக் கேட்டது என்று இரண்டு முறை சொல்லிக் காட்டினேன். மனேஜருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார். பிறகு கோப்பைத் திறந்து படிவத்தை வெளியே எடுத்தார்.

“இவளுக்குச் சிங்களம் தெரியும் என்றல்லவா இதில் இருக்கிறது?”

இனி வழியில்லை. “அந்தச் சரி நான் போட்டது சேர். அது பொய்” என்றேன்.

மனேஜர் நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் முகம் சிவந்தது. “அப்படியென்றால் சொல்லுக் கேளாமையை விட்டுவிடுவோம். பொய்ப் படிவத்துக்கு என்ன செய்வது? கையெழுத்து அவளுடையதுதானே?” என்றார். நான் அவளை ஒரு குழியிலிருந்து தூக்கி மற்றக் குழியில் போட்டிருந்தேன்.

சுகந்திக்கு என்ன நடக்கிறதென்று புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்திருக்க வேண்டும். “அக்கா, பாஸிட்ட ஒண்டு சொல்லவேணும். நான் சொல்லுற மாதிரியே சொல்லுங்கோ” என்றாள். பிறகு பாஸைப் பார்த்து, நேராக அவரிடமே தமிழில் பேசினாள்.

“உங்களில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் எனக்காக ரெண்டு சொல்லுத் தமிழ் பழகி வந்திருக்கிறீங்கள் எண்டு நினைச்சன். ரிஸ்னாவும் இல்லாத நாள்தானே. எனக்குச் சரியான சந்தோஷமாப் போச்சுது. அந்தச் சந்தோஷத்திலதான் யோசிக்காமல் கையை விட்டனான்.”

இதை நான் மொழிபெயர்த்தேன். பாதியில் நிறுத்தி, தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன்.

பியசேன பாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மனேஜரிடம் பேசினார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை அப்போது ஒரே மூச்சில் பேசினார்.

“சேர், நான் முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிறேன். இரும்புச் சீவல் கையில் சுற்றினால் எல்லா ஆண்களும் ஒன்றைத்தான் செய்வார்கள், கையை இழுப்பார்கள். இழுத்தால் விரல் போகும். என்னோடு வேலை பழகிய இரண்டு பேருக்குப் போனது. நான் அன்று ஓடிப் போகும்போது பார்த்தேன். இந்தப் பிள்ளை இழுக்கவில்லை. வலது கையை அப்படியே அசையாமல் வைத்துக்கொண்டு இடது கையால் மெஷினை நிறுத்தினாள். நின்ற பிறகுதான் கீழே உட்கார்ந்தாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கவும் முடியாது. இவளை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். ஆனால் இப்படி இன்னொரு ஆளை எங்கே தேடுவீர்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.”

எனக்கு அது புதுச் செய்தி. பத்து நாளும் அவள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானோ விசரா என்று அவளை ஏசியிருந்தேன்.

மனேஜர் படிவத்தைப் பார்த்தார், பாஸைப் பார்த்தார். கடைசியில் முடிவு இப்படி வந்தது. சுகந்தி இருக்கலாம், ஆனால் அவளுடைய ஆறு மாதம் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அந்தக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். வேறு யார் அடிப்பது?

வெளியே வரும்போது பாஸ் என்னை நிறுத்தினார். “தொட வேண்டாம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டார்.

“தொடாத.”

“தொடாத” என்று சொல்லிப் பார்த்தார். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பி, கையை நீட்டி, பட்டறைக் குரலில் “தொடாத!” என்று ஒரு கத்துக் கத்தினார். வாசலில் வாய் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் இரண்டடி பின்னால் போனது. சுகந்தி பத்து நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

பஸ் நிறுத்தத்தில்

வெள்ளவத்தை பஸ்ஸுக்கு அவளோடு போய் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. என் வீடு மற்றப் பக்கம். ஆனால் கேட்காமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

“உன்ர கைக்கு நான்தான் காரணம். என்னில கோபமா பிள்ள?”

சமாதானமாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நம் பெண்கள் சொல்வார்களே, ‘ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை’ என்று.

“ஓம், கோபம்தான்” என்றாள். “மூண்டு விரலும் இன்னும் சரியா மடங்கேல்லை. இரவில வலிக்கேக்க உங்களைத்தான் திட்டினனான். ஆனா நீங்கள் அண்டைக்கு உண்மையை எழுதியிருந்தா, இந்தக் கை முழுசா இருந்து சீலை மடிச்சுக்கொண்டிருக்கும். அதையும் யோசிச்சனான்.”

பஸ் வருகிறதா என்று வீதியை எட்டிப் பார்த்தேன்.

இப்போது அவள் அதே பட்டறையில் முழு லேத்காரி. மோதிர விரல் கொஞ்சம் மடங்காது. அதோடுதான் முடிக் கனத்துக்கு இரும்பைச் சீவுகிறாள். சிங்களத்தில் பாஸோடு வாதாடவும் செய்கிறாள். அவர் அடக்கமான பிள்ளை என்று சொன்னதை நினைத்து நான் தனியாகச் சிரிப்பதுண்டு. அவளுக்குப் பிறகு வந்த பெண்களின் படிவங்களும் என் கையால்தான் போயின. ஒன்றிலும் நான் பொய் எழுதவில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு இடம் கிடைக்காமல் போனது. வாசலில் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் நடந்து போன விதம் எனக்கு மறக்காது. அன்றும் பேனையை அந்தக் கட்டம் வரை கொண்டுபோனேன். எழுதவில்லை.

ஏனென்றால் அன்று வெள்ளவத்தை பஸ் வந்து நின்றபோது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சுகந்தி திரும்பிச் சொன்னது இதுதான்.

“அக்கா, இனி ஒருத்திக்கும் அப்பிடி எழுதாதேங்கோ. தெரியாது எண்டே எழுதுங்கோ. எங்களை எடுக்கிறதெண்டா, தெரியாது எண்டு தெரிஞ்சு எடுக்கட்டும்.”